டிஸ்கெரின் பழுதானால் எந்த வேலை நின்றது என்று கண்டுபிடிப்பது எப்படி

டிஸ்கெரின் என்ற புரதத்துக்கான டிகேசி1 மரபணுவில் மியூட்டேஷன் இருந்தால் டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிட்டா என்ற பரம்பரை நோய் வரும். அந்த மியூட்டேஷன் உள்ள செல்களை வளர்க்கும் எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கொஞ்ச நாளிலேயே என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "அக்கா, இந்தப் புரதம் ரிபோசோம் ஆர்என்ஏவைத் திருத்துகிறது என்கிறார்கள், குரோமோசோமின் முனையான டெலோமியரையும் காக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் நோயாளியின் செல்லில் கெட்டுப்போனது எது?" சரியான கேள்வி. இரண்டையும் தனித்தனியாக அளந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு இன்னொன்றையும் ஊகித்து எழுதிய தீசிஸ்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கம் போக வேண்டும் என்பதற்காகத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன். செல் வளர்ப்பு, ஆர்என்ஏ பிரித்தெடுப்பு, பிசிஆர், அக்ரிலமைடு ஜெல் ஆகியவற்றில் கைப்பழக்கம் இருப்பவர்களுக்கான குறிப்பு இது.

மேசைக்குப் போகுமுன் ஒரு படம் வரையுங்கள்

எச்/ஏசிஏ ஆர்என்பி என்று நாம் சொல்வது நான்கு புரதங்களும் ஒரு ஆர்என்ஏவும் சேர்ந்த தொகுதி. டிஸ்கெரின், நோப்10, என்எச்பி2, கார்1 ஆகியவைதான் அந்தப் புரதங்கள். இவற்றில் வேதிவினையைச் செய்வது டிஸ்கெரின். ஆர்என்ஏவில் ஒரு யூரிடினைப் பிடித்து, அதன் காரத்தைச் சர்க்கரையிலிருந்து கழற்றி, திருப்பி, நைட்ரஜன் வழியாக இருந்த பிணைப்பைக் கார்பன் வழியாக மாட்டிவிடும். அப்படி மாறியதுதான் சூடோயூரிடின். எந்த யூரிடினை மாற்றுவது என்று டிஸ்கெரினுக்குத் தெரியாது. அதைச் சொல்வது கூடவே இருக்கும் வழிகாட்டி ஆர்என்ஏ.

ஒரு தாளை எடுத்து ஏதாவது ஒரு எச்/ஏசிஏ வழிகாட்டி ஆர்என்ஏவைக் கையால் வரையுங்கள். இரண்டு கொண்டை ஊசி. நடுவில் ஒற்றை இழையாக எச் பெட்டி. கடைசியில், 3' முனையிலிருந்து மூன்று எழுத்து உள்ளே தள்ளி ஏசிஏ. கொண்டை ஊசியின் இடுப்பில் ஒரு திறந்த பை தெரியும். அந்தப் பையின் இரண்டு ஓரங்களும் ரிபோசோம் ஆர்என்ஏவோடு இணை சேரும். நடுவில் இணை சேராமல் நிற்கும் யூரிடின்தான் இலக்கு. பைக்கும் கீழே உள்ள பெட்டிக்கும் இடையில் சுமார் 14 முதல் 16 எழுத்து தூரம் இருக்கும். எண்ணிப் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லா வழிகாட்டியிலும் இந்தத் தூரம் ஒத்துப்போகும்.

இப்போது பக்கத்திலேயே, டெலோமியரை நீட்டும் நொதியான டெலோமரேஸின் மனித ஆர்என்ஏவை வரையுங்கள். 451 எழுத்து. முன்பாதியில் டெலோமியர் வரிசையை நகலெடுக்கும் 11 எழுத்து அச்சு இருக்கிறது. பின்பாதிக்கு வந்தால் அதே இரண்டு கொண்டை ஊசி, அதே எச் பெட்டி, அதே ஏசிஏ. இதை 1999-இல் கேத்லீன் காலின்ஸின் குழு காட்டியது. ஆனால் இது ஏதாவது ஒரு யூரிடினை மாற்ற வழிகாட்டுவதாகத் தெரியவில்லை. அப்படியானால் அந்த நான்கு புரதங்களுக்கு இங்கே என்ன வேலை? இந்த ஆர்என்ஏவைச் சிதையாமல் காப்பது, முனையைச் சரியாக முடிப்பது, உட்கருவுக்குள் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ப்பது. கடைசிக் கொண்டை ஊசியின் வளையத்தில் உள்ள சிறு வரிசையை டிகேப்1 என்ற புரதம் பிடித்து, உட்கருவுக்குள் இருக்கும் காஹல் உடலம் என்ற சிறு திரளுக்குக் கூட்டிப்போகும். 2018-இல் வந்த கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் மனித டெலோமரேஸின் ஒரு மடல் முழுக்க இந்தப் புரதங்கள்தான்: நான்கும் இரண்டு இரண்டு பிரதியாக உட்கார்ந்திருக்கின்றன. டிகேப்1-உம் அங்கேயே இருக்கிறது.

எனவே நாம் அளக்கப் போகும் இரண்டு வேலைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. ரிபோசோம் பக்கம் இது வேதிவினை. டெலோமியர் பக்கம் இது காவல். அதனால்தான் டெலோமியர் பக்கத்தை அளக்கும்போது நொதிச் செயல்பாட்டுக்கு முன்னால் ஆர்என்ஏ எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

எந்தச் செல்

தோலிலிருந்து எடுத்த சாதாரண ஃபைப்ரோபிளாஸ்டில் டெலோமரேஸ் செயல்பாடு தேடாதீர்கள். அதில் டெலோமரேஸின் வினை செய்யும் பகுதியான டெர்ட் புரதம் ஓடுவதில்லை, இருக்கிற ஆர்என்ஏ சும்மா கிடக்கும். இரத்தத்திலிருந்து லிம்போசைட்டைப் பிரித்துத் தூண்டிவிட்ட டி செல், அல்லது அழியாமல் வளரும் லிம்போபிளாஸ்டாய்டு லைன் வேண்டும்.

டி செல்லில் தூண்டிய நேரத்தைப் பொறுத்து டெர்ட் ஏறும், இறங்கும். நோயாளி மாதிரியையும் கன்ட்ரோல் மாதிரியையும் ஒரே நாளில் தூண்டி, ஒரே நேரத்தில் அறுவடை செய்யுங்கள். ஃப்ரீசரில் முன்பே கிடக்கும் ஏதோ ஒரு கன்ட்ரோலை எடுத்துப் பக்கத்தில் ஓட்டுவதை எங்கள் லேபில் ஏற்றுக்கொள்வதில்லை.

கன்ட்ரோலாக யாரை எடுப்பது? டெலோமியர் வயதோடு குறையும், குடும்பத்துக்குக் குடும்பமும் மாறும். மியூட்டேஷன் வராத சகோதரன் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. தாயின் இரத்தத்தை எடுத்து "பாதி பழுது" என்று கணக்குப் போட வேண்டாம். டிகேசி1 எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மியூட்டேஷனைச் சுமக்கும் பெண்களின் இரத்தத்தில் பெரும்பாலும் நல்ல எக்ஸ் ஓடும் செல்களே வென்று நிற்கும், அதனால் அளவு சாதாரணமாகவே வரும். பிள்ளையின் அளவோடு அதை ஒப்பிட்டு எதுவும் சொல்ல முடியாது.

ஈஸ்டில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: சூடோயூரிடின் கேள்விக்குத் தாராளமாகச் செய்யலாம், டிஸ்கெரினின் ஈஸ்ட் உறவு சிபிஎஃப்5 பற்றி நிறையத் தெரியும். டெலோமியர் கேள்விக்கு வேண்டாம். பேக்கரி ஈஸ்டின் டெலோமரேஸ் ஆர்என்ஏவில் எச்/ஏசிஏ பகுதியே கிடையாது. அதைக் காப்பது வேறு புரதங்கள்.

முதல் அளவு: டெலோமரேஸ் ஆர்என்ஏ

ஆர்டி-கியூபிசிஆர் போதும். ஆனால் இந்த ஆர்என்ஏவுக்குச் சில தனிக் குணங்கள் உண்டு.

இதன் மரபணுவில் இன்ட்ரான் இல்லை. டிஎன்ஏ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அதே அளவுத் துண்டு பெருகும், எந்தப் பிரைமர் போட்டாலும் பிரித்தறிய முடியாது. ஆகவே டிஎன்ஏஸ் போட்டே தீர வேண்டும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாயை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாக வையுங்கள். முழுத் தட்டுக்கும் ஒன்று வைத்தால் போதாது.

முதிர்ந்த டெலோமரேஸ் ஆர்என்ஏவுக்குப் பாலி-ஏ வால் இல்லை. ஒலிகோ-டிடி பிரைமரால் சிடிஎன்ஏ செய்தால் முதிராத வடிவங்கள்தான் அதிகம் பிடிபடும். ரேண்டம் ஹெக்ஸாமர் போடுங்கள், அல்லது இந்த ஆர்என்ஏவுக்கே உரிய பிரைமர் போடுங்கள். முறுக்கி மடிந்த ஆர்என்ஏ என்பதால் 50 டிகிரியிலும் அதற்கு மேலும் தாங்கும் நொதி நல்லது. முதிராத வடிவம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்க விரும்பினால் ஒலிகோ-டிடி குழாயைத் தனியாக ஓட்டி ஒப்பிடுங்கள். இந்த ஆர்என்ஏவின் பாலி-ஏ வாலை வெட்டிச் சீராக்கும் பார்ன் நொதியில் மியூட்டேஷன் உள்ளவர்களின் செல்லில் இந்த ஒப்பீடு நிறையச் சொல்லும்.

அடுத்தது, எதை வைத்து நார்மலைஸ் செய்வது என்பது. சிறிய ஆர்என்ஏதானே என்று ஏதாவது ஒரு ஸ்னோ ஆர்என்ஏவை (மற்ற ஆர்என்ஏக்களைத் திருத்த வழிகாட்டும் சிறு ஆர்என்ஏ) எடுத்துவிடுவார்கள். அது எச்/ஏசிஏ வகையாக இருந்துவிட்டால் டிஸ்கெரின் பழுதானதும் அதுவும் சேர்ந்து குறையும். மேலும் கீழும் ஒன்றாகக் குறைந்தால் விகிதம் மாறாது, "டெலோமரேஸ் ஆர்என்ஏ நன்றாக இருக்கிறது" என்று தப்பான முடிவு கையில் வந்து நிற்கும். எச்/ஏசிஏ வகையைச் சேராத சிறு ஆர்என்ஏக்களான 7எஸ்கே அல்லது யு6 எடுங்கள். ஸ்னோ ஆர்என்ஏதான் வேண்டும் என்றால் சி/டி வகையைச் சேர்ந்த யு3. இரண்டு மூன்று எச்/ஏசிஏ ஸ்னோ ஆர்என்ஏக்களையும் அளக்கப்படும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். டெலோமரேஸ் ஆர்என்ஏ மட்டும் குறைந்ததா, குடும்பம் முழுதும் குறைந்ததா என்பது பின்னால் மிகவும் உதவும்.

எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடாமல் ஒரு தடவையாவது நார்தர்ன் பிளாட் ஓட்டிப்பாருங்கள். 451 எழுத்தில் ஒரு பட்டை, கன்ட்ரோலில் அடர்த்தியாக, நோயாளியில் மெலிந்து. உடைந்த துண்டா முழு ஆர்என்ஏவா என்பதைக் கியூபிசிஆர் காட்டாது.

இரண்டாம் அளவு: ட்ராப்

டெலோமரேஸ் செயல்பாட்டை அளக்க 1994-இல் வந்த முறை, இன்றும் ஓடுகிறது. செல் சாறு ஒரு பிரைமரின் முனையில் ஆறு ஆறு எழுத்தாகச் சேர்க்கிறதா என்று பார்த்து, சேர்த்ததைப் பிசிஆரால் பெருக்குவது.

செல்லை உடைக்க, சாப்ஸ் என்ற மென்மையான சோப்பு 0.5 சதவீதம் உள்ள பஃபர். சோப்பு வீரியம் கூடினால் ஆர்என்பி பிரிந்துவிடும், எஸ்டிஎஸ் பக்கமே போகக் கூடாது. பனிக்கட்டி மேல் 30 நிமிடம், பிறகு 4 டிகிரியில் 12,000 ஜி சுழற்சி. மேலே தெளிந்த சாற்றைச் சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரே குழாயை உருக்கி, உறைய வைத்து, மறுபடி உருக்கினால் செயல்பாடு விழுந்துகொண்டே போகும்.

நீட்டல் 30 டிகிரியில் 30 நிமிடம். அதன்பின் பிசிஆர். 10 அல்லது 12 சதவீத அக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டிச் சைபர் கிரீன் போட்டால் ஏணி தெரியும்: 50 எழுத்தில் முதல் படி, பிறகு 56, 62, 68 என்று மேலேறும். படிகளுக்கு இடையே இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். இடையிடையே பொருந்தாத பட்டை இருந்தால் அது பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் கீழே 36 எழுத்தில் உள்கன்ட்ரோல் பட்டை தனியாகத் தெரியும். ஒவ்வொரு பாதையிலும் முதலில் அதைத்தான் பாருங்கள். ஏணியும் இல்லை, 36-உம் மங்கியது என்றால் டெலோமரேஸ் இல்லை என்று பொருள் அல்ல; சாற்றில் உள்ள ஏதோ டாக் பாலிமரேஸைத் தடுக்கிறது. சாற்றை நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஏணி பலமாக இருக்கும் பாதையிலும் 36 மங்கலாம், இரண்டும் ஒரே பிரைமருக்குப் போட்டி போடுவதால்.

எதிர்க் கன்ட்ரோலாக 85 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிய சாற்றைத்தான் எல்லோரும் வைப்பார்கள். நான் கூடவே ஆர்என்ஏஸ் போட்ட சாறும் வைக்கச் சொல்வேன். சூட்டில் எந்த நொதியும் சாகும். ஆர்என்ஏஸ் போட்டதும் ஏணி மறைந்தால்தான் நாம் பார்த்தது ஆர்என்ஏவைச் சார்ந்த நொதி என்று நிச்சயமாகும்.

ஒவ்வொரு மாதிரியையும் ஐந்து மடங்கு ஐந்து மடங்காக நீர்த்து, குறைந்தது மூன்று அளவில் ஓட்டுங்கள். பிசிஆர் இருக்கும்வரை ஒரே அளவில் செய்த ட்ராப் "இருக்கிறது, இல்லை" என்பதை மட்டுமே சொல்லும்; "பாதி இருக்கிறது" என்று சொல்லாது. நமக்கு வேண்டியதோ அந்தப் பாதிதான். டெலோமரேஸ் ஆர்என்ஏவின் ஒரே ஒரு மரபணுப் பிரதி கெட்டாலே டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிட்டா வருகிறது என்பது 2001-இல் தெரிந்துவிட்டது. பாதி குறைவு என்பது நோய்க்குப் போதுமான குறைவு.

மூன்றாம் அளவு: சூடோயூரிடின்

பிள்ளைகள் பயப்படுவது இதற்குத்தான். யூரிடினுக்கும் சூடோயூரிடினுக்கும் எடை ஒன்றே, அணுக்கள் ஒன்றே, அடினோடு இணை சேர்வதும் ஒன்றே. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் வித்தியாசம் தெரியாமல் படித்துக்கொண்டு போய்விடும். சிஎம்சி என்று சுருக்கமாகச் சொல்லும் கார்போடைஇமைடு இதற்கு வழி செய்கிறது. ஜேம்ஸ் ஆஃபங்காண்டின் லேபில் 1993-இல் செய்து காட்டிய முறை இது.

ஆர்என்ஏவை 7 மோலார் யூரியா, 4 மில்லிமோலார் இடிடிஏ உள்ள பைசின் பஃபரில் விரித்து, சிஎம்சி 0.17 மோலார் வருமாறு சேர்த்து 37 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். சிஎம்சி யூரிடின், குவானோசின், சூடோயூரிடின் மூன்றிலும் ஏறி உட்காரும். எத்தனாலில் வீழ்படிவாக்கி நன்றாகக் கழுவுங்கள். பிறகு பிஎச் 10.4 சோடியம் கார்பனேட்டில், 37 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம். இந்தக் காரத்தில் யூரிடினிலும் குவானோசினிலும் உள்ள சிஎம்சி கழன்றுவிடும், சூடோயூரிடினில் உள்ளது கழலாது. இனி பிரைமர் போட்டுப் படித்தால் நொதி அந்தக் கட்டியில் முட்டி நிற்கும். நிற்பது சூடோயூரிடின் மேல் அல்ல, அதற்கு ஓர் எழுத்து 3' பக்கம். பக்கத்தில் அதே பிரைமரால் ஓட்டிய சீக்வென்சிங் ஏணியோடு ஒப்பிடும்போது இந்த ஓர் எழுத்தைக் கணக்கில் வையுங்கள்.

கார்பனேட்டின் பிஎச்சை அன்றன்று மீட்டரில் பாருங்கள். பாட்டிலில் நாளானது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி இறங்கிவிடும். இறங்கினால் யூரிடினிலும் குவானோசினிலும் சிஎம்சி மிச்சமிருந்து, ஜெல் முழுக்கப் பட்டையாக வரும்.

பிரைமரை, பார்க்க வேண்டிய இடத்துக்கு 30 முதல் 100 எழுத்துக்குள் வையுங்கள். ரிபோசோமின் 28எஸ் ஆர்என்ஏவில் சில பகுதிகளில் சூடோயூரிடின் நெருக்கமாக இருக்கிறது. முதல் கட்டியிலேயே பெரும்பாலான நொதிகள் நின்றுவிட்டால் தூரத்துக் கட்டி வரை போவது மிகச் சில.

சிஎம்சி போடாத பாதை இல்லாமல் இந்த ஜெல்லைப் படிக்கவே கூடாது. ரிபோசோமின் 18எஸ் ஆர்என்ஏவின் 1248-ஆம் இடத்தைப் பாருங்கள்: அங்கே இருப்பது சூடோயூரிடினுக்கு மேல் இன்னும் இரண்டு குழுக்கள் ஏறிய பெரிய உருவம், சிஎம்சி இல்லாமலே நொதியை நிறுத்தும். அது இரண்டு பாதையிலும் கறுப்பாகத் தெரியும். எங்கள் ஜெல்லில் அதை ஒரு மைல்கல்லாகவே வைத்துக்கொள்கிறோம். அது சரியான இடத்தில் வந்தால் பிரைமரும் ஏணியும் சரி. 18எஸ்ஸின் அதே பகுதியை டி7 பாலிமரேஸால் குழாயில் செய்து வைத்துக்கொண்டால், எந்த மாற்றமும் இல்லாத ஆர்என்ஏ எப்படித் தெரியும் என்பதும் பக்கத்திலேயே இருக்கும்.

அந்த டி7 ஆர்என்ஏவுக்கு இன்னொரு பயன். நோயாளியின் செல்லில் சூடோயூரிடின் முழுதாகக் காணாமல் போகாது, குறைந்தால் கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சத்தை எப்படி நம்புவது? கன்ட்ரோல் ஆளின் ரிபோசோம் ஆர்என்ஏவில் டி7 ஆர்என்ஏவைத் தெரிந்த விகிதத்தில் கலந்து, 25, 50, 75 சதவீதம் மாற்றமில்லாத மாதிரிகள் செய்து, அவற்றையும் சிஎம்சி போட்டு அதே ஜெல்லில் ஓட்டுங்கள். நின்ற பட்டைக்கும் முழு நீளப் பட்டைக்கும் உள்ள விகிதம் எப்படி இறங்குகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். எவ்வளவு குறைவை உங்கள் ஜெல் காட்ட வல்லது என்று அறிந்தபின்தான் "குறையவில்லை" என்று எழுதும் உரிமை உங்களுக்கு வருகிறது.

டெலோமியர் நீளம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தனியாகவே எழுத வேண்டிய விஷயம். மருத்துவமனைகள் நம்புவது, ஒவ்வொரு செல்லிலும் டெலோமியரை ஒளிரவைத்து அளக்கும் ஃப்ளோ-ஃபிஷ். லிம்போசைட் டெலோமியர் அந்த வயதுக்கு முதல் சதமானத்துக்குக் கீழே இருந்தால் நோயைச் சந்தேகிப்பார்கள். லேபில் எச்ஐஎன்எஃப்1, ஆர்எஸ்ஏ1 என்ற டிஎன்ஏ வெட்டும் நொதிகளால் வெட்டிச் சதர்ன் பிளாட். கியூபிசிஆர் முறை எளிது, ஆனால் ஒரு ஆளைப் பற்றி முடிவு சொல்ல அதன் தடுமாற்றம் அதிகம். நீளம் என்பது பல தலைமுறைச் செல்களின் பழைய கணக்கு. இன்று டெலோமரேஸ் என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது, அதனால்தான் அதைக் கடைசியில் வைத்தேன்.

எண்களைப் படிக்கும்போது

1999-இல் மிட்செல், வுட், காலின்ஸ் மூவரும் நோயாளிகளின் செல்களில் இதைத்தான் செய்தார்கள்: டெலோமரேஸ் ஆர்என்ஏ குறைவு, செயல்பாடு குறைவு, டெலோமியர் குட்டை, ரிபோசோம் ஆர்என்ஏவின் சூடோயூரிடினில் குறை தெரியவில்லை. 2003-இல் டிஸ்கெரின் அளவு குறைந்த எலிகளில் வேறுமாதிரி வந்தது: சூடோயூரிடின் குறைந்து, நோய் முதல் தலைமுறைகளிலேயே தெரிந்தது, டெலோமியர் பின்வந்த தலைமுறைகளில்தான் குட்டையானது. இரண்டும் நன்றாகச் செய்த வேலைகள். லேப் எலியின் டெலோமியர் மனிதனுடையதைவிட மிக நீளம், தேய நாளாகும் என்பதை மறக்காதீர்கள். எலியில் கண்டதை அப்படியே நோயாளிக்கு எழுதிவைக்கவும் கூடாது, மனிதச் செல்லில் கண்டதை வைத்து ரிபோசோம் பக்கத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. ஒவ்வொரு மியூட்டேஷனும் தன் கதையைத் தானே சொல்லட்டும். டிகேசி1-இல் ஏ353வி என்ற மியூட்டேஷன் அடிக்கடி வருவது. அதைப் பற்றித் தெரிந்ததை இன்னொரு மியூட்டேஷனுக்கு ஏற்ற வேண்டாம். நோப்10, என்எச்பி2 இரண்டிலும் மியூட்டேஷனால் இதே நோய் வந்த குடும்பங்கள் உண்டு, அவற்றையும் இதே மூன்று அளவாலேயே பாருங்கள்.

டெலோமரேஸ் ஆர்என்ஏ குறைந்து ட்ராப்பும் குறைந்தால் பொருத்தம். ஆர்என்ஏ சரியாக இருந்து ட்ராப் மட்டும் விழுந்தால் டெர்ட்டைப் பாருங்கள், தூண்டிய நேரத்தையும் சரிபாருங்கள். ஆர்என்ஏவும் ட்ராப்பும் சரியாக இருந்தும் டெலோமியர் குட்டை என்றால், ஆர்என்ஏவைச் செல்லுக்குள்ளேயே காட்டும் இன்-சிட்டு செய்து ஆர்என்ஏ காஹல் உடலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டிகேப்1 கெட்டவர்களில் நொதி இருக்கும், சேர வேண்டிய இடத்துக்குச் சேராது.

திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்

அளவுகள் பொருந்தியதோடு நிறுத்த வேண்டாம். நோயாளியின் ஃபைப்ரோபிளாஸ்டில் நான்கு தட்டு வையுங்கள்: வெறும் வெக்டர், டெர்ட் மட்டும், டெலோமரேஸ் ஆர்என்ஏவும் டெர்ட்டும், நல்ல டிஸ்கெரினும் டெர்ட்டும். வோங்கும் காலின்ஸும் 2006-இல் இந்த வழியில் எக்ஸ் வழி நோயாளிகளின் செல்களில் டெலோமியரைக் கட்டுப்படுத்தும் குறை ஆர்என்ஏ அளவுதான் என்று காட்டினார்கள். டிஸ்கெரினைச் சரிசெய்யாமலே, ஆர்என்ஏவைக் கூட்டியதும் டெலோமியர் நீண்டது.

ஆர்என்ஏவை வெக்டரில் வைக்கும்போது வழக்கமான பாலி-ஏ சிக்னலோடு சிஎம்வி புரமோட்டரில் வைத்துவிடாதீர்கள், 3' முனை சரியாக முடியாது. யு3 புரமோட்டரும், மரபணுவுக்குப் பின்னால் உள்ள இயற்கையான வரிசை கொஞ்சமும் சேர்த்து வையுங்கள். பிறகு நார்தர்னில் 451-இல் பட்டை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டெலோமியருக்காகச் செல்லை வளர்க்கத் தொடங்க வேண்டும். ட்ராப்பை முதல் வாரத்திலேயே செய்யலாம். டெலோமியர் நீளத்துக்குப் பல பாசேஜ் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பாசேஜிலும் செல் எண்ணிக்கையைக் குறித்து, டிஎன்ஏவுக்கு ஒரு பெல்லட்டும் சிஎம்சிக்கு ஒரு ஆர்என்ஏ குழாயும் எடுத்து உறைய வைத்துக்கொண்டே போங்கள். மூன்றாம் தட்டில் டெலோமியர் நீண்டு சூடோயூரிடின் மட்டும் பழைய அளவிலேயே நின்றால், இரண்டு வேலைகளையும் உங்கள் கையாலேயே பிரித்துவிட்டீர்கள்.